நல்ல மணமுள்ள ஏதாவது

எங்கள் தெருவில் யாராவது தும்மினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மட்டாஞ்சேரியில் ஜூ டவுனுக்குப் பின்னால் இருக்கும் கிடங்குகளில் சுக்குப் புடைக்கும் நாட்களில் தெருவே தும்மும். சுமை இறக்குகிறவர் தும்முவார், சைக்கிளில் போகிறவர் ஒரு கையை விட்டுவிட்டுத் தும்முவார், பழம்பொருள் கடை பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் தும்மிவிட்டு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் ‘தீர்க்காயுசு’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. தெருவுக்கெல்லாம் சொல்லப் போனால் வாய் நோகும், ஆகவே வீட்டு மனிதர்களுக்கு மட்டும் என்று என் மாமியார் ஓர் எல்லை வகுத்து வைத்திருந்தார்.

அதனால்தான் பூனை தும்மியபோது நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை.

நான் ஒரு சுக்கு, மிளகு ஏற்றுமதிக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். அங்கே சாக்குகளுக்கு நடுவில் பிறந்த குட்டிகளில் மற்றவை எங்கெங்கோ போய்விட, இது மட்டும் என் மேசைக்கடியில் வந்து என் செருப்பின் மேல் தூங்கியது. மூக்கு அப்போதே ஈரம். எல்லாரும் தூசி என்றார்கள். கிடங்கை விட்டு வெளியே கொண்டுபோனால் சரியாகிவிடும் என்று சொல்லி அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தூசி என்பது நான் கண்டுபிடித்த சாக்கு. பார்த்த அன்றைக்கே எனக்கு அதைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். வெல்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கும் என் கணவர், அவருடைய அம்மா, நான். பாலக்காட்டிலிருந்து வந்து தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கும் குடும்பம். மலையாளிகள் எங்களைப் பட்டர் என்பார்கள். பெண்களை அம்மியார் என்பார்கள். வீட்டில் பேசுவது தமிழ் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் பாதி புரியவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். சமையலறை என் மாமியாரின் ராஜ்ஜியம். குளித்து மடியாகப் புடவை உடுத்தாமல் அவர் அடுப்பைத் தொட்டதில்லை. வெங்காயமே விசேஷ அனுமதியோடு உள்ளே வரும் வீடு அது. மீன் என்பது எங்கள் வாசலுக்கு வெளியே காலையில் கூவிக்கொண்டு போகும் ஒரு குரல் மட்டும்தான்.

பூனையைப் பார்த்ததும் மாமியார் சொன்ன முதல் வார்த்தை ‘சவம்’.

சவம் என்றால் பிணம்தான். ஆனால் எங்கள் பேச்சில் அது சும்மா வந்துபோகும் சொல். பொங்கி வழிந்த பால் சவம். திறக்க மறுக்கும் டப்பா சவம். மகன் நேரத்துக்கு வீடு வந்து சேராவிட்டால் அவனும் சவம்.

“இந்தச் சவத்தை எங்கேந்து எடுத்துண்டு வந்தே?” என்றார். “மூக்கைப் பாரு, சளியும் கிளியுமா.”

பிறகு அதுவே பெயராகிவிட்டது. நானும் கணவரும் யோசித்து வைத்திருந்த அழகான பெயர்களெல்லாம் போன இடம் தெரியவில்லை. “சவமே, கால்ல வந்து விழாதே.” “சவத்துக்குச் சாதம் போட்டாச்சா?” பூனையும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காதைத் திருப்பும். வசைபாடிக்கொண்டேதான் மாமியார் தயிர்சாதத்தில் கடுகு, மிளகாய் படாத பக்கமாகப் பார்த்து எடுத்து அதற்கு வைப்பார். அதோடு என் கணவர் கடையில் வாங்கி வரும் பூனை பிஸ்கட். இதைத் தவிர அது வெளியே யார் வீட்டில் என்ன தின்றது என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதை.

மூக்கு மட்டும் நிற்கவில்லை. முதலில் தண்ணீர் மாதிரி ஒழுகும். சில நாளில் பசை மாதிரி ஆகி மூக்கைச் சுற்றிக் காய்ந்து பொருக்குத் தட்டும். ஒரு கண் எப்போதும் பாதி மூடி, நீர் வடிந்தபடி இருக்கும். தூங்கினால் எண்ணெய் போடாத பழைய மின்விசிறி மாதிரி ஒரு சத்தம். தும்மினால் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். நான் வேலைக்குக் கிளம்புமுன் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிட்டுக் கிளம்புவேன், திரும்பி வரும்போது வேறு புள்ளிகள் இருக்கும்.

வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? கிடங்கில் ஒருவர் துளசிச் சாறு என்றார், இன்னொருவர் மஞ்சள் புகை என்றார். நான் எனக்கு ஜலதோஷம் வந்தால் செய்வதைச் செய்தேன். வெந்நீரில் நீலகிரித் தைலம் விட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பூனையை மடியில் வைத்து ஆவி காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அதன் வாயிலிருந்து நுரை வந்தது. அப்படியே துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் தோப்பும்படிக்கு ஓடினேன். அங்கே ஒரு கால்நடை டாக்டர் இருக்கிறார், என் வயதில் பாதிகூட இருக்காது. அவர் என்னைத் திட்டிய திட்டில் வரிசையில் இருந்த நாய்களும் அடங்கிவிட்டன.

“ஈ தைலமொண்ணும் பூச்சய்க்குப் பற்றில்லா சேச்சி. விஷமாணு, விஷம்!”

பூனைக்குத் தைலம் கூடாது, கற்பூரம் கூடாது, சாம்பிராணிப் புகை கூடாது, ஊதுபத்தி கூடாது. நம்முடைய பக்தி முழுவதும் பூனையின் மூக்குக்கு ஆகாது என்று அன்றைக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“சாயங்காலம் சாம்பிராணி போடாத வீடு ஒரு வீடா?” என்றார் மாமியார். “இந்தச் சவத்துக்காக ஸ்வாமிக்குப் புகை இல்லையாக்கும்?”

“ஸ்வாமிக்கு மூக்கு ஒழுகல்லையே, அம்மா.”

அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் சாம்பிராணித் தட்டு வெளியே வரவில்லை. கரி நனைந்து போய்விட்டது என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கரி காயவே இல்லை.

டாக்டர் சொன்ன விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. குட்டியாக இருக்கும்போதே பிடித்த வைரஸாம். முழுதாகப் போகாதாம். உள்ளே எங்கேயோ சுருண்டு படுத்திருக்கும், மழையோ களைப்போ பயமோ வந்தால் எழுந்து வரும். சளி கெட்டியானால் மருந்து, கண்ணுக்குச் சொட்டு, மூக்கடைப்புக்கு வெறும் வெந்நீர் ஆவி. ஒவ்வொரு தடவையும் சரியாகும், ஒவ்வொரு தடவையும் திரும்ப வரும். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், ஒரேயடியாகப் போக்க ஒன்றுமில்லையா என்று. அவர் இல்லை என்று பொறுமையாகத் தலையை ஆட்டினார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக என் பூனை ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் தேய்ந்தது. முதுகைத் தடவினால் மணிமணியாக எலும்பு தட்டுப்படும்.

இங்கே மாமியாரின் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் எங்கள் வீட்டு மூக்கே அவர்தான். வாசலில் உட்கார்ந்தபடி, எதிர்வீட்டில் சாம்பாருக்கு வெந்தயம் கூடிப்போனதைச் சொல்லுவார். பால் திரியப் போவதைப் பாலுக்கு முன்னால் அவர் அறிவார். ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, மணமும் கூடவே போயிற்று. திரும்ப வரும் என்றார்கள், வரவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கின் கிட்டே வைத்து, “இதுல வல்லதும் இருக்கா?” என்று, ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று, என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. டப்பா நிறைய இருந்தது. இருக்கிறது என்றேன். மூடி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பார். தட்டில் பாதி மிஞ்சும். வயசாயிற்று, பசி குறைகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இந்த வருஷம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்ததும் பூனைக்கு மூக்கு அடைத்தது. இதற்கு முன்னால் எத்தனையோ தடவை அடைத்திருக்கிறது, ஆனால் இது வேறு. இரண்டு நாசியும் மூடிப்போய் வாயைத் திறந்து மூச்சு விட்டது. பூனை வாயால் மூச்சு விடுவதைப் பார்ப்பது கொடுமை. டாக்டர் ஊசி போட்டார், ஆவி காட்டச் சொன்னார், மூக்கில் உப்புநீர் விடச் சொன்னார். எல்லாம் செய்தேன். ஆனால் அது சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. தட்டு வைக்கும் சத்தம் கேட்டால் எழுந்து வரும். குனியும். குனிந்தபடியே நிற்கும், எதற்கு வந்தோம் என்று மறந்துபோன மாதிரி. பிறகு திரும்பிப் போய் அலமாரிக்கடியில் படுத்துவிடும்.

டாக்டரிடம் மறுபடி கொண்டுபோனேன். எடை பார்த்தார், முகம் மாறிவிட்டது.

“நல்ல மணமுள்ள எந்தெங்கிலும் சூடாக்கிக் கொடுக்கூ, சேச்சி. மணம் கிட்டியாலே பூச்ச கழிக்கூ.”

நல்ல மணமுள்ள ஏதாவது சூடாக்கிக் கொடுக்க வேண்டும், மணம் கிடைத்தால்தான் பூனை சாப்பிடும், பசியைவிட மூக்குதான் அதற்கு முக்கியம். இன்னும் பட்டினி கிடந்தால் கரள் கெட்டுவிடும், அதாவது ஈரல், பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பூனை செத்துப்போய்விடும் என்பதைத்தான் அவர் மலையாளத்தில் மரியாதையாகச் சொல்கிறார் என்று புரிந்தது. வரும் வழியெல்லாம் ஆட்டோவில் எனக்கு ஒரே யோசனைதான். நல்ல மணமுள்ளது எது?

என்ன கேள்வி! நல்ல மணம் என்றால் எங்கள் வீட்டில் நெய்தான். புது வெண்ணெய் உருக்கி, முருங்கை இலை கிள்ளிப் போட்டு இறக்கினேன். சாதத்தைக் குழைய வடித்து, பருப்புச் சேர்த்து, அந்த நெய்யை விட்டுப் பிசைந்தேன். எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. பூனை வந்தது, குனிந்தது, நின்றது, போய்விட்டது. பாலில் ஏலக்காய் தட்டிப் போட்டேன். அப்பளத்தைச் சுட்டுப் பொடித்துத் தூவினேன். தயிரில் கடுகு தாளித்துக் கொட்டினேன். கடைசியில் ரசத்துக்குப் போடும் பெருங்காயத்தைக்கூடக் கரைத்துப் பார்த்தேன் என்றால் என் புத்தி எங்கே இருந்தது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். ஒரு கல்யாண விருந்தே அதன் முன்னால் வைத்தாயிற்று. ஒன்றையும் அது தொடவில்லை. ஊசி இல்லாத ஊசிக்குழாயில் கஞ்சியை எடுத்து வாயோரத்தில் விட்டால் பாதி என் கையில் வழிந்தது, மீதியை இருமி வெளியே தள்ளியது.

மாமியார் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக, நெய்யை வீணாக்குவதற்கு ஒரு பாட்டுப் பாடியிருப்பார். அன்று பாடவில்லை.

“அந்தப் பூனை வல்லதும் சாப்பிட்டுதா?” என்று கேட்டார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பூனை என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு தடவைகூட அவர் அதைச் சவம் என்று கூப்பிடவில்லை. டாக்டர் கரள் என்று சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல்லைச் சொல்ல முடியாத இடத்துக்கு விஷயம் வந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் டாக்டரைப் போனில் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னேன், நல்ல மணமுள்ளது கொடுத்தும் சாப்பிடவில்லை என்று.

“எந்தா கொடுத்தது?”

“நெய்யும் சோறும்.”

 

“பின்னே?”

“ஏலக்காய் போட்ட பால்.”

“என்டெ சேச்சீ!” என்றார் டாக்டர். சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை. “இது பூச்சயல்லே? மத்தி கொடுக்கூ, மத்தி! வேவிச்சு, சூடோடெ!”

மத்தி மீனை வேகவைத்துச் சூட்டோடு கொடுக்கவேண்டும். எனக்கு நாற்றம் எதுவோ பூனைக்கு அது மணம். நான் அந்த நிமிஷம் வரை இதை யோசிக்கவில்லை. அவருக்கோ மீன் இல்லாத சமையலறை ஒன்று கொச்சியில் இருக்கும் என்று தோன்றவே இல்லை. இந்த ஊரில் இத்தனை தலைமுறை இருந்தும் ‘நல்ல மணம்’ என்ற இரண்டு சொல்லில் நாங்கள் இரண்டு பேரும் வழுக்கி விழுந்தோம். அதற்குள் என் பூனை பட்டினி கிடந்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா அறிஞ்சா?”

“அம்மாவுக்குத்தான் மணம் தெரியாதே.”

சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் கூசியது. அவர் என்னைப் பார்த்தார், அலமாரிக்கடியைப் பார்த்தார். “நான் ஒண்ணும் கேக்கல்லை, கேட்டியா,” என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் குணம் பூனையைவிட அவருக்குத்தான் அதிகம்.

நான் லீவு சொல்லிவிட்டுத் தோப்பும்படிக்குப் போனேன். துறைமுகத்துப் பக்கம் மீன் விற்கும் இடத்தை வாழ்நாள் முழுவதும் பஸ்ஸில் கடந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு. அன்று இறங்கி நடந்தேன். மழையில் தார்ப்பாய்க்கடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி என் நெற்றியையும் மூக்குத்தியையும் பார்த்தார்.

“அம்மியார்க்கு வழி தெற்றியோ?” என்றார். வழி தவறிவிட்டதா என்று.

“பூச்சய்க்காணு,” என்றேன், தேவைக்கு மேல் உரக்க.

“எல்லாரும் ஆத்யம் பூச்சய்க்கென்னே பறயூ!” எல்லாரும் முதலில் பூனைக்கு என்றுதான் சொல்லுவார்கள் என்று அவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு வாய் இல்லாமல் இல்லை. அன்று நின்ற இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பதை நிறுத்தி, மீனைச் சுத்தம் செய்து, தாளில் இறுக்கிச் சுற்றிக் கையில் கொடுத்தார்.

கொல்லையில் கல் கூட்டி வேகவைப்பதாகத்தான் என் திட்டம். வந்து பார்த்தால் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர். சமையலறையைத் தவிர வேறு வழியில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? மாமியார் சாப்பிட்டு உள்ளறையில் படுக்கும் நேரத்துக்குக் காத்திருந்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தைக் கழுவி, அவருடைய அடுப்பில், ஸ்வாமி நைவேத்தியம் வேகும் அதே அடுப்பில் ஏற்றினேன். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பார்களா? நான் பார்க்கவில்லை.

தண்ணீர் கொதித்தது. மணம் எழுந்து வீடு முழுக்கப் பரவியது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, என் பூனை இத்தனை நாளாக இப்படித்தான் மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். முள் எடுத்து, கையால் மசித்தேன். வெந்நீர்த் துணியால் பூனையின் மூக்கில் இருந்த பொருக்கை ஊறவைத்துத் துடைத்தேன். தட்டை முன்னால் வைத்தேன்.

அது எழுந்து வந்தது. குனிந்தது. நின்றது.

அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பாதி மூடிய கண்ணும், மீண்டும் ஒழுக ஆரம்பித்த மூக்கும். பிறகு மெல்லத் திரும்பி நடந்தது. நடக்கும்போது பின்னங்கால்கள் ஒன்றையொன்று தடுக்கின.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! பிறந்த நாள் முதல் பார்க்காததைப் பார்த்து, தொடாததைத் தொட்டு, மாமியாரின் அடுப்பைக் கெடுத்து, இவ்வளவும் செய்தும் இந்தப் பிராணி தலையைத் திருப்பிக்கொண்டு போகிறது. “சாகறதுன்னா செத்துத் தொலை!” என்று கத்தினேன். தரையில் ஓங்கி அடித்தேன். பூனை திடுக்கிட்டுக்கூட ஓடவில்லை, அதற்குத் தெம்பு இல்லை. அப்படியே நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டது. நான் மீன் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். இனி எனக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பது அவ்வளவு தெளிவாக இருந்தது.

“எந்தாக்கும் சத்தம்?”

மாமியார் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“ஒண்ணும் இல்லை, அம்மா. மருந்து கொடுக்கறேன்.”

“மருந்தா?” அவர் ஜன்னலைக் காட்டினார். கொல்லைச் சுவரின் மேல், கொட்டுகிற மழையில், தெருப் பூனைகள் வரிசையாக உட்கார்ந்து எங்கள் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தன. “எனக்கு மூக்குதான் போச்சு. கண்ணு போகல்லை.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் மாட்டிக்கொண்டேன். நான் எழுந்து நின்றேன். இடி விழட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் அடுப்பைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், கடைசியாகப் பூனையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தட்டுக்கிட்ட வந்து நின்னுட்டுப் போறது, இல்லையா?”

“ஆமாம்மா. பசியே இல்லை போல இருக்கு.”

“உனக்கு எந்தறியும்?” என்றார், சட்டென்று. “எனக்கும் பசி இல்லைன்னுதானே நீங்கள்லாம் பறயறேள்? பசிக்கறதுடீ. நன்னாப் பசிக்கறது. ஆனா முன்னால இருக்கறது சாப்பாடுன்னு தோணமாட்டேங்கறது. கல்லையும் மண்ணையும் வெச்சா எப்படி இருக்கும், அப்படி இருக்கு. நாக்குல பட்டாத்தான் உப்புன்னும் புளின்னும் அறியறது. அப்பறம் கொஞ்சம் இறங்கறது.”

இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

“ஆறிப்போயிருக்கும். மறுபடி சுட வை,” என்றார்.

“அம்மா, உங்க அடுப்பு...”

“வைடீ.”

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய அடுப்பில், அதே கிண்ணத்தை மறுபடி வைத்தேன். சூடானதும் எடுத்து வந்தேன். பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார். காலையில் குளித்து உடுத்திய மடிப்புடவை, ஈரத் தரையில். கிண்ணத்தை இழுத்தார். தன் வலது கை விரலை அதில் விட்டு, மசித்த மீனைக் கொஞ்சம் தொட்டு எடுத்தார். எடுத்த விரலை ஒரு கணம் பார்த்தார். பிறகு பூனையின் உதட்டை இடது கையால் தூக்கி, பல்லுக்கு உள்பக்கமாக, மேலண்ணத்தில் தடவிவிட்டார்.

பூனை தலையை உதறித் துப்பியது.

“துப்பட்டும்,” என்று மறுபடி தடவினார்.

அது மறுபடி துப்பியது. அவர் மறுபடி தடவினார். நான் அதன் விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது, அது அதனுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. போதும் அம்மா, விட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அதன் நாக்கு வெளியே வந்தது. தன் மூக்கை ஒருமுறை நக்கியது. நின்றது. பிறகு அவர் விரலை நக்கியது.

அவர் இன்னும் கொஞ்சம் எடுத்து நீட்டினார். அது விரலைச் சுத்தமாக வழித்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு முன்னங்கால் வெளியே வந்து கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்தது. நான் துண்டைத் தளர்த்தினேன். அது கிண்ணத்துக்குள் முகத்தையே விட்டுவிட்டது. மூக்கு அடைத்திருந்ததால் ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நிறுத்தி, கொர்கொர் என்று மூச்சு வாங்கி, மறுபடி தின்றது. சளியும் மீனுமாக அது தின்ற சத்தத்தைப் போல நல்ல சத்தம் எதையும் நான் கேட்டதில்லை. என் கண்ணீர் அதன் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

பாதியில் அது தலையைத் தூக்கியது. முகத்தைச் சுருக்கியது. நான் பிடித்து இழுப்பதற்குள் ஒரு பெரிய தும்மல் தும்மியது. அதன் வாயில் இருந்ததும் மூக்கில் இருந்ததும் எல்லாம் மாமியாரின் முகத்திலும் மடிப்புடவையிலும் தெறித்தன.

நான் பதறிப்போய்த் துண்டை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தீர்க்காயுசு,” என்றார். பிறகு கிண்ணத்தை அதன் பக்கம் நகர்த்தி வைத்தார். “மெல்லத் தின்னு, சவமே.”